ஏழு ஆப்புகள்: இருபது வருடம் கழித்து ஒரு மறுவாசிப்பு

2004 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் பக்காலா, ராபர்ட் சாக்கலோ. முன்னவர் சூழலியல்காரர், பின்னவர் இயற்பியலில் இருந்து பொறியியலுக்கு வந்தவர். நான் அதைப் படித்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஆபீஸ் பிரிண்டரில் எல்லாரும் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து அடித்து எடுத்தேன். அந்தத் தாள்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன, ஓரமெல்லாம் மஞ்சளாகி. போன மாதம் வேறு எதையோ தேடும்போது கையில் கிடைத்தது. உட்கார்ந்து பென்சிலோடு முழுசாகப் படித்தேன். அதன் விளைவு இந்தக் குறிப்பு.

படிக்காதவர்களுக்குக் கதைச்சுருக்கம். அன்றைக்கு உலகம் புதைபடிவ எரிபொருள் எரித்து வருடத்துக்குச் சுமார் 700 கோடி டன் கார்பனைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. (கார்பன் டை ஆக்சைடாகச் சொல்ல வேண்டுமென்றால் 3.67-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.) இப்படியே போனால் 2054-ல் அது இரண்டு மடங்காகி 1400 கோடி டன் ஆகும். ஏறாமல் 700-லேயே நிறுத்தி வைக்க வேண்டும். கிராஃபில் வரைந்தால் ஏறுகிற கோட்டுக்கும் படுத்திருக்கிற கோட்டுக்கும் நடுவில் ஒரு முக்கோணம் வரும். அந்த முக்கோணத்தை ஏழு துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் பூஜ்யத்தில் தொடங்கி, ஐம்பது வருடத்தில் சீராக ஏறி, 2054-ல் வருடத்துக்கு 100 கோடி டன்னைக் குறைக்கும். மரம் பிளக்கும் ஆப்பு மாதிரி ஒரு முனை கூராகவும் மறுமுனை தடியாகவும் இருப்பதால் அதற்கு ஆப்பு என்றே பெயர் வைத்தார்கள். தமிழில் 'ஆப்பு வச்சிட்டான்' என்றால் வேறு அர்த்தம். அதுவும் இங்கே முழுக்கப் பொருந்தாது என்று சொல்ல முடியாது, பின்னால் வருகிறேன்.

கட்டுரையின் உயிர் அந்த முக்கோணத்தில் இல்லை, அதற்குப் பிறகு வரும் பதினைந்து வழிகளின் பட்டியலில் இருக்கிறது. கார்களின் மைலேஜை இரட்டிப்பாக்குவது, கட்டடங்களின் மின்செலவைக் குறைப்பது, நிலக்கரிக்குப் பதில் எரிவாயு, அணு, காற்றாலை, சூரிய மின்பலகை, காட்டை அழிக்காமல் விடுவது, உழாமல் விதைப்பது என்று போகிறது. பட்டியலில் சேர ஒரே நிபந்தனை: அந்தத் தொழில்நுட்பம் உலகத்தில் எங்கேயாவது ஏற்கெனவே தொழில் அளவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணுச்சேர்க்கை உலை, விண்வெளி சோலார் மாதிரி கனவுகளுக்கு இடமில்லை. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2002-ல் அதே 'சயின்ஸ்' இதழில் மார்ட்டின் ஹாஃபர்ட்டும் சகாக்களும், கையில் இருப்பதை வைத்துக்கொண்டு இந்தப் பிரச்னையைத் தீர்க்க முடியாது, புதிதாக நிறையக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கான பதில்தான் இது. இல்லை, அடுத்த ஐம்பது வருடத்துக்குத் தேவையானது எல்லாம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது என்றார்கள்.

எனக்கு அது போதையாக இருந்தது. இன்ஜினியருக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன? 2014-ல் இதே பக்கத்தில் ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினேன்: தொழில்நுட்பம் தயார், தயங்குவது அரசியல் மட்டும்தான் என்று. அந்த வரியை மூன்று இடத்தில் வேறு வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. சூரிய மின்பலகைக்கு அந்தக் கட்டுரை வைத்த இலக்கு, ஒரு ஆப்புக்கு 2000 கிகாவாட். அன்றைய அளவைப்போல 700 மடங்கு. படித்தபோது இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தோன்றியது. 2024 கடைசியில் உலகம் அந்த 2000-த்தைத் தொட்டுவிட்டது. முப்பது வருடம் முன்கூட்டியே! காற்றாலைக்கும் அதே 2000 கிகாவாட்தான் இலக்கு. அதில் 1100-ஐத் தாண்டியாகிவிட்டது. விலையைப் பற்றிக் கட்டுரை ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. ஜெர்மனி 2000-ல் கொண்டுவந்த சட்டம் சோலார் மின்சாரத்துக்கு உறுதியான விலை கொடுத்தது, அந்தச் சந்தையைப் பிடிக்கச் சீனா தொழிற்சாலை தொழிற்சாலையாகக் கட்டியது, வாட்டுக்குச் சில டாலர் விற்ற பலகை பத்து சென்ட் அளவுக்கு இறங்கியது. 2004-ல் யாரும் இதை இந்த வேகத்தில் எதிர்பார்க்கவில்லை, அதற்காக இவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2000 என்ற எண் எனக்கு உறுத்தியது. காரணம் என் வீட்டு மொட்டை மாடி.

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் தருகிறது. 24 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினால் 72 யூனிட் வரவேண்டும். அப்படியென்றால் கிடைப்பது சுமார் 17 சதவீதம். சென்னை வெயிலிலேயே இவ்வளவுதான். கட்டுரையோ சோலாருக்கும் காற்றாலைக்கும் ஒரே கணக்குப் போடுகிறது. 700 கிகாவாட் நிலக்கரிக்குப் பதிலாக மூன்று மடங்கு, அதாவது சுமார் 2000 கிகாவாட் என்று. அந்தக் கணக்கு சரிப்பட வேண்டுமென்றால் பலகை 30 சதவீதம் உழைக்க வேண்டும். காற்றாலைக்கு அது ஓரளவு நியாயம், சோலாருக்கு இல்லை. 2024-ல் உலகத்தின் அத்தனை பலகைகளும் சேர்ந்து கொடுத்தது சுமார் 2.1 லட்சம் கோடி யூனிட். சராசரி உழைப்பு 13 சதவீதம் பக்கம். ஒரு முழு ஆப்புக்குக் கட்டுரையின் கணக்குப்படியே சுமார் 5.5 லட்சம் கோடி யூனிட் வேண்டும். ஆக, கொடி ஏற்றிக் கொண்டாடிய 2000 கிகாவாட், மின்சாரமாகப் பார்த்தால் அரை ஆப்புகூட இல்லை.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அவர்கள் 50 சதவீதத் திறனுள்ள நவீன நிலக்கரி ஆலையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிஜத்தில் ஓடுகிற ஆலைகள் அதைவிட மோசம், யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன. அந்த நிலக்கரியை அப்படியே விரட்டியிருந்தால் சோலார் ஒரு ஆப்பில் பாதி, காற்றாலை பாதிக்குக் கொஞ்சம் மேல். இருபதாவது வருடத்தில் ஒவ்வொரு ஆப்பும் 0.4 அளவுக்கு வளர்ந்திருந்தால் போதும் என்பதுதான் அவர்களுடைய கோடு. எனவே இரண்டும் அட்டவணைப்படி, சொல்லப்போனால் அட்டவணைக்கு முன்னாலேயே ஓடுகின்றன. என் மாடிக் கணக்கை வைத்துக் கட்டுரையை மடக்கிவிட்டேன் என்று துள்ளியது ஒரு சாயங்காலம்தான் நீடித்தது.

அப்புறம் அடுத்த கணக்கைப் போட்டேன். எதுவுமே செய்யாவிட்டால் 2024-ல் எவ்வளவு இருக்கும் என்று அவர்களுடைய ஏறுகோட்டில் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 980 கோடி டன் கார்பன். 2024-ல் நிஜமாக வெளியேறியது? சுமார் 1020 கோடி டன். எதுவும் செய்யாத உலகத்துக்கான கோட்டுக்கு *மேலே* நிற்கிறோம். சோலார் ஆப்பும் காற்றாலை ஆப்பும் சொன்னபடி வந்த பிறகு.

எப்படி? ஏறுகோட்டைக் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்பது ஒரு பதில். 2000-களில் சீனா வளர்ந்த வேகம் அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. ஸ்டீவன் டேவிஸ், கென் கால்டெய்ரா, இதே ஹாஃபர்ட் எல்லாம் சேர்ந்து 2013-ல் எழுதிய கட்டுரை ஒன்று இதை நன்றாகப் பிடித்தது. ஏறுகோட்டுக்கு உள்ளேயே, எப்படியும் தானாக நடந்துவிடும் என்று நம்பப்பட்ட முன்னேற்றங்கள் ஒளிந்திருக்கின்றன, அவையும் ஆப்புகள்தான், அவையும் நடந்தாக வேண்டும் என்றார்கள். சாக்கலோவே 2011-ல் திரும்ப எழுதும்போது, தாமதத்தால் ஏழு ஒன்பதாகிவிட்டது என்றார்.

என் பதில் வேறு. பட்டியலில் சோலார், காற்று, அணு மூன்றுக்கும் பக்கத்தில் 'நிலக்கரிக்குப் பதிலாக' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. முதல் தடவை படித்தபோது கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஆப்பு என்பது கட்டிய பலகையின் அளவு இல்லை, அணைத்த அடுப்பின் அளவு. கட்டுவதற்குப் பதினைந்து வழி கொடுத்த கட்டுரை, அணைப்பதற்கு ஒரு வழியும் கொடுக்கவில்லை. கட்டினால் தானாக அணையும் என்று எடுத்துக்கொண்டது. 2004-ல் உலகம் உற்பத்தி செய்த மின்சாரம் சுமார் 17.5 லட்சம் கோடி யூனிட். 2024-ல் 31-க்குக் கொஞ்சம் குறைவு. கூடுதலாக வந்த 13 லட்சம் கோடியில் சூரியனும் காற்றும் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி நிலக்கரியும் வாயுவும். நிலக்கரி 2024-ல் அதுவரை இல்லாத அளவுக்கு அதிகம், சுமார் 880 கோடி டன். இருபது வருடத்துக்கு முந்தைய அளவைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

சாஃப்ட்வேரில் இருக்கிறவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். புது சிஸ்டம் வந்துவிட்டது, எல்லாரும் கை தட்டியாகிவிட்டது, ஆனால் பழைய சர்வரை யாரும் நிறுத்தவில்லை. 'மூணு மாசம் ரெண்டும் ஓடட்டும், பாத்துட்டு நிறுத்திடலாம்' என்று முடிவெடுப்போம். ஏழு வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் அப்படியொரு பழைய சர்வரை நிறுத்த நானே எட்டு மாதம் அலைந்திருக்கிறேன். புதியதைக் கட்டியது மூன்று மாதத்தில். நிறுத்துவது என்பது தனி வேலை, அதற்குத் தனி ஆள், தனித் தேதி வேண்டும். கட்டுகிற திட்டத்தின் கடைசி வரியாக எழுதிவைத்தால் நடக்காது.

என் வீட்டுக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோலாருக்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவு. சோலார் தருவது 720. ஆனால் சோலார் வந்த அடுத்த கோடையில் இரண்டாவது ஏசி வாங்கினோம். "வெயில்ல இருந்து சும்மா வர்ற கரண்ட்தானே, ஏன் வேர்த்துக்கிட்டு கெடக்கணும்?" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை, எனக்கும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் வந்தது. இப்போது செலவு 900. வாரியத்திடம் வாங்குவது 600-லிருந்து நிகரமாக 180 ஆகியிருக்கிறது, அது 420 யூனிட் நிஜமான குறைப்பு. ஸ்கூட்டர் குடிக்கும் 40 யூனிட் பெட்ரோலை விரட்டியது, அதையும் சேர்த்தால் 460. மீதி 260 யூனிட் எதையும் விரட்டவில்லை, புதுக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். இந்தியாவில் ஒரு ஆளுக்கு வருகிற மின்சாரம் உலக சராசரியில் பாதிகூட இல்லை. ஆனால் 720-ஐயும் 'குறைப்பு' என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. 2014 கட்டுரையில் நான் உலகத்துக்கே அந்தப் பொய்க்கணக்கைத்தான் எழுதியிருந்தேன்.

பட்டியலின் இன்னொரு கோளாறு 'இருக்கிறது' என்ற சொல்லில். நார்வேயில் ஸ்லைப்னர் என்று ஒரு கடல் வாயுக்களம். 1996-லிருந்து அங்கே வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைக் கடலடிப் பாறைக்குள் அன்று செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே கார்பனைப் பிடித்துப் புதைப்பது 'இருக்கிற' தொழில்நுட்பம், பட்டியலில் மூன்று இடம். ஒரு ஆப்புக்கு 3500 ஸ்லைப்னர் வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். இருபது வருடத்தில் உலகம் முழுக்கச் சேர்த்து ஐம்பது ஸ்லைப்னர் அளவுக்கு வந்திருக்கிறது, அதிலும் பெரும்பகுதி பழைய எண்ணெய்க் கிணற்றில் மிச்ச எண்ணெயை நெட்டித் தள்ளப் பயன்படுகிறது. அணு மின்சாரம் அன்றும் இன்றும் 370 கிகாவாட் பக்கமே நிற்கிறது. அதுவும் 'இருந்தது'. காற்றாலையில் ஹைட்ரஜன் தயாரித்து அதில் கார் ஓட்டுவது பட்டியலில் உண்டு. பேட்டரி கார் இல்லை! அந்தக் கட்டுரையை டைப் அடித்த லேப்டாப்புக்குள்ளேயே லித்தியம் பேட்டரி இருந்திருக்கும். 2024-ல் உலகத்தில் விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்று பிளக் போட்டு சார்ஜ் ஏற்றுகிற வண்டி.

இந்த ஆய்வுத் திட்டத்துக்கு அன்று பணம் கொடுத்தவர்கள் பிபி எண்ணெய் நிறுவனமும் ஃபோர்டும். பதினைந்தில் ஐந்து வழிகள் நிலக்கரியையோ வாயுவையோ தொடர்ந்து எரிப்பதற்கானவை. இதை வைத்துக் கட்டுரையையே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை, கணக்கு வெளிப்படையாக இருக்கிறது, தப்பு இருந்தால் கணக்கிலேயே காட்டலாம்.

அதே சண்டை இன்றும் வேறு எண்களில் நடக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஜேக்கப்சன் 2023-ல் எழுதிய 'நோ மிராகிள்ஸ் நீடட்' புத்தகத்தில், தேவையானதில் 95 சதவீதம் தயாராக இருக்கிறது என்கிறார். சர்வதேச எரிசக்தி முகமை 2021-ல், 2050-க்கு வேண்டிய குறைப்பில் ஏறக்குறைய பாதி இன்னும் சந்தைக்கு வராத தொழில்நுட்பங்களில் இருந்து வரவேண்டும் என்றது; 2023-ல் அதை 35 சதவீதமாகக் குறைத்தது. எனக்கு ஜேக்கப்சன் பக்கம்தான் சாய்வு. ஆனால் 95-ஆ 65-ஆ என்று அடித்துக்கொள்கிற இரண்டு தரப்புமே எதைக் கட்டலாம் என்பதைத்தான் எண்ணுகின்றன.

அம்மா ஊருக்குப் போகும்போதெல்லாம் முப்பந்தல் வழியாகத்தான் பஸ். ஆடிக் காற்றில் பஸ்ஸே ஆடும். அந்தக் காற்றிலும் சில காற்றாலைகள் நின்றுகொண்டிருக்கும். அங்கே பராமரிப்பு வேலை பார்க்கிற சித்தப்பா மகனிடம் ஒருமுறை கேட்டேன், ரிப்பேரா என்று. "காத்து இருக்கு அண்ணே, கரண்ட வாங்கத்தான் ஆளில்ல" என்றான். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. அது மே முதல் செப்டம்பர் வரை கொட்டும். அதே நேரம் அனல் ஆலைகளை நினைத்தபடி இறக்க முடியாது. 55 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது குறைந்தபட்ச வரம்பு, கொதிகலன் அப்படி. பழையது இறங்க மறுத்தால் புதியதை நிறுத்து என்று சொல்வதுதான் எளிது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து ராத்திரி இறக்குகிற கடம்பாறை நிலையம் 1980-களின் கடைசியிலிருந்தே நம்மிடம் 'இருக்கிறது', 400 மெகாவாட். அடுத்ததான குந்தா, 500 மெகாவாட், 2024 வரைக்கும் கட்டுமானத்தில்தான் இருந்தது. முப்பந்தலில் நல்ல காற்று வருகிற இடத்தையெல்லாம் 1990-களின் வரிச்சலுகைக் காலத்தில் நட்ட 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன என்பது தனிக் கதை. சுத்தமான தொழில்நுட்பத்திலும் பழையதை நிறுத்த ஆள் இல்லை.

நிறுத்திக் காட்டிய இடம் ஒன்று உண்டு. பிரிட்டன். 1882-ல் லண்டன் ஹோல்பார்ன் வயடக்டில் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கி வைத்த நாடு. 2012-ல்கூட அதன் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரி. 2013-ல் கார்பனுக்கு அடிமட்ட விலை வைத்தார்கள். 2015-ல் நிலக்கரிக்குக் கடைசி வருடம் எது என்று அரசு அறிவித்தது, பிறகு அதை ஒரு வருடம் முன்னுக்கு இழுத்தது. 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி ராட்கிளிஃப் ஆன் சோர் நிலையம் அணைக்கப்பட்டது, அதுதான் கடைசி. அதில் புதுக் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லை. கடலில் நட்ட காற்றாலை, பழைய எரிவாயு, ஒரு விலை, ஒரு தேதி. அங்கே அந்தக் காலத்தில் மொத்த மின்தேவையே குறைந்துகொண்டு வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வருடா வருடம் ஏறுகிற தேவையோடு அதே விளையாட்டை ஆடுவது இன்னும் கஷ்டம். இடையில் சில வருடம் நிலக்கரி விட்ட இடத்தில் ஒரு பகுதியை வாயு நிரப்பியது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஆனாலும் ஏறுகோட்டோடு ஒப்பிடாமல், நேற்றைய நிஜத்தோடு ஒப்பிட்டு ஒரு முழு எரிபொருளைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறார்கள்.

இப்போது அந்த ஐந்து பக்கத்தை யாருக்காவது சிபாரிசு செய்வேனா? செய்வேன். பூதாகரமான ஒரு பிரச்னையை ஐந்து பக்கத்தில், கையால் சரிபார்க்கக்கூடிய எண்களில் கொடுத்த கட்டுரைகள் மிகக் குறைவு. நான் மாடியில் நின்று அதைச் சரிபார்க்க முடிந்ததே அதனால்தான். பென்சிலை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன், 'பதிலாக' என்று வருகிற இடமெல்லாம் வட்டம் போட.

2014 கட்டுரையை அழிக்கவில்லை. மேலே தேதி போட்டு, மூன்று இடத்திலும் தப்பு எங்கே என்று குறித்திருக்கிறேன். அடுத்ததாக, காற்று சீசனில் கடம்பாறை எத்தனை நாள் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, எத்தனை நாள் வெறுமனே இறக்க மட்டும் ஓடுகிறது என்ற தினசரிக் கணக்கைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்காவது சேர்ந்த பிறகு எழுதுகிறேன்.